பேசாத பிள்ளையும் பெற்றோர் கடமையும்

(ஆலயத் திருவிழாவையொட்டி, சமய வகுப்பு மாணவர்களின் பெற்றோர்க்கென ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளில் மக்கட்பேறு என்று ஓர் அதிகாரம் உண்டு. இசைக்கருவிகளின் ஒலியைக் காட்டிலும் தம் பிள்ளையின் மழலையே இனிது என உணர்ந்த பெற்றோரின் நெஞ்சத்தை வள்ளுவப் பெருந்தகை அங்கே காட்டுகின்றார். மேடைதோறும் இதனைக் கேட்டு மகிழ்கின்றோம். ஆயினும் அம்மழலையைக் கேட்கும் பேறு இன்னும் வாய்க்காத பெற்றோர் சிலர் இம்மண்டபத்திலேயே அமர்ந்திருக்கக் கூடும். பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்து மூன்றும் நெருங்கியிருக்கும். 'அம்மா' என்ற ஒரு சொல் வந்திராது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்த்திராது. உறவினர் கூடும் இடங்களில் "பிள்ளை பேசுகிறானா?" என்ற கேள்வி எழுந்துவிடுமோ என அஞ்சி, அப்பெற்றோர் திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் செல்வதைக் குறைத்துக்கொண்டிருப்பர். இன்றைய உரை முதற்கண் அவர்களுக்கு உரியது; அவர்களைச் சூழ்ந்துள்ள தாத்தா பாட்டி, மாமன் மாமி, அண்டை அயலார் அனைவர்க்கும் உரியது.

குமரகுருபரர் வரலாறு கூறுவது என்ன?

பிள்ளை பேசவில்லை என்று ஒரு தாய் கண்கலங்கினால், ஆலய வளாகத்தில் அவளுக்குக் கிடைக்கும் முதல் ஆறுதல் குமரகுருபர சுவாமிகளின் வரலாறே ஆகும். பதினேழாம் நூற்றாண்டில், தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் அவதரித்த சுவாமிகள், ஐந்து வயது வரை பேசாதிருந்தார் என்பதும், திருச்செந்தூர் முருகப் பெருமானின் திருவருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்பதும் வழிவழியாக வரும் செய்தி. "சுவாமிகளே ஐந்து வயதில்தானே பேசினார்? உன் மகனுக்கு இன்னும் காலம் இருக்கிறது" என்று பெரியோர் தேற்றுவர். அச்சொல்லில் அன்பு உண்டு, ஐயமில்லை.

ஆனால் அவ்வரலாற்றில் நாம் மறந்துவிடுகின்ற ஒரு பகுதி உண்டு. சுவாமிகளின் பெற்றோர், "பேசும்போது பேசட்டும்" என்று இல்லத்தில் அமர்ந்திருக்கவில்லை. தம் பிள்ளைக்கு வாய் பேச வரவில்லை என்பதை முதலில் தம் உள்ளத்தில் ஒப்புக்கொண்டனர். ஊரார் அறியவும் ஒப்புக்கொண்டனர். அடுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டனர். செந்தூரில் தங்கி நோன்பிருந்தனர். உண்மையை ஒப்புக்கொள்ளுதல், உதவியை நாடிப் புறப்படுதல் ஆகிய இரண்டு செயல்களையும் அவர்கள் செய்த பின்னரே திருவருள் கூடியது. காத்திருக்கச் சொல்வதற்கு எடுத்துக்காட்டாக நாம் கூறும் அவ்வரலாறு, உண்மையில் காத்திராத பெற்றோரின் வரலாறு.

பிள்ளைத்தமிழ் காட்டும் பருவங்கள்

பேசாப் பிள்ளையாய் இருந்த அப்பெருமானே பின்னாளில் மதுரை மீனாட்சியம்மை மீது பிள்ளைத்தமிழ் பாடினார் என்பது சிந்திக்கத்தக்கது. பிள்ளைத்தமிழில் ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவான பருவங்கள் ஏழு. அவை காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்பனவாம். கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை. கைகொட்டி மகிழ்வது சப்பாணி. அழைக்கும் குரல் கேட்டுத் தளர்நடையிட்டு வருவது வருகை. நிலவைக் காட்டி, விளையாட வருமாறு அதனை அழைப்பது அம்புலி. குழந்தை வளரும் முறையை நம் முன்னோர் எத்துணைக் கூர்ந்து நோக்கியுள்ளனர் என்பதற்கு இப்பருவங்களே சான்று.

இன்றைய குழந்தை மருத்துவமும் ஏறக்குறைய இவற்றையே நோக்குகிறது. நம் நாட்டு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில், பிள்ளைக்குப் பதினெட்டு மாதம் நிறைகையில் 'எம்-சேட்' எனப்படும் கேள்வித்தாளைப் பெற்றோரிடம் கொடுப்பர். பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்புகிறதா? நீங்கள் செய்வதைப் பார்த்து அதுவும் செய்கிறதா? நீங்கள் ஒன்றைச் சுட்டிக் காட்டினால் அத்திசையில் நோக்குகிறதா? தனக்குப் பிடித்த ஒன்றைத் தன் விரலால் சுட்டி உங்களுக்குக் காட்டுகிறதா? அக்கேள்விகள் இத்தகையன. வருகைப் பருவமும் சப்பாணிப் பருவமும் அம்புலிப் பருவமும் கேள்வி வடிவில் வந்துள்ளன என்றே கொள்ளலாம்.

அம்புலி காட்டும் நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாய் நிலவைச் சுட்டுகிறாள். பிள்ளை அவள் விரலின் வழியே நோக்கி நிலவைக் காண்கிறது. பின்னர்த் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. 'நீ கண்டதை நானும் கண்டேன்' என்னும் செய்தி அப்பார்வையில் அடங்கியுள்ளது. பேச்சு பிறப்பதற்கு முன்னரே உள்ளங்கள் இரண்டும் பேசத் தொடங்கிவிடுகின்றன. அதனால்தான் மருத்துவர், பிள்ளை எத்தனைச் சொற்கள் பேசுகிறது என்பதோடு நில்லாமல், சுட்டிக் காட்டுகிறதா, முகம் நோக்குகிறதா என்றும் வினவுகின்றனர்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

ஓராண்டு நிறைந்தும் மழலை ஒலிகள் எழாமை, கையசைத்தல் சுட்டுதல் போன்ற சைகைகள் தோன்றாமை, பதினாறு மாதம் ஆகியும் ஒரு சொல்லேனும் வாராமை, இரண்டு வயது நிறைந்தும் 'பால் வேணும்' என்பது போல இரு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசாமை ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பேசிக்கொண்டிருந்த சொற்களைப் பிள்ளை எந்த வயதில் இழந்தாலும், ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். பேச்சுத் தாமதம் அனைத்தும் ஆட்டிசம் ஆகாது. ஆட்டிசம் உடைய பிள்ளைகள் அனைவரும் பேசாதவரும் அல்லர். சில பிள்ளைகள் பிறர் சொல்வதை நன்கு விளங்கிக்கொண்டு, முகம் பார்த்து, சைகையால் வேண்டியதைக் கேட்டு, பேச்சில் மட்டும் பின்தங்கியிருப்பர். அவர்களுள் பலர் பின்னர் மற்றவரோடு வந்து சேர்ந்துவிடுவர். சிலருக்குச் செவித்திறனில் குறை இருக்கும். கதவு அறையும் ஓசைக்குத் திரும்புகிறானே எனக் கருதி, காது நன்றாக இருப்பதாகப் பெற்றோர் முடிவு செய்துவிடக் கூடாது. பேச்சின் மெல்லிய ஒலிகள் கேளாதிருக்கலாம். நடுச்செவியில் நீர் தேங்குவதாலும் அவ்வாறு நேரும். ஆகவே பேச்சுத் தாமதம் எனில் செவிச் சோதனை முதற்கண் செய்யப்பட வேண்டியதாகும்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியின் ஒரு வேறுபாடு. பிறரோடு உறவாடுவதிலும் கருத்துப் பரிமாற்றத்திலும் தடை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், சிறு மாற்றத்தையும் தாங்காமை, சில ஒலிகளையும் தொடுகையையும் சுவையையும் பொறுக்க இயலாமை ஆகியன அதன் இயல்புகள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலக மக்களுள் ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. எந்த இனமும் எந்தச் சமயமும் இதற்கு விலக்கன்று.

ஒரு குடும்பத்தின் கதை

கிள்ளான் வட்டாரத்தில் வாழும் ஒரு தம்பதியர். கணவர் லோரி ஓட்டுநர், மனைவி இல்லத்தரசி. தலைமகன் பிறந்தபோது பாட்டியின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. பிள்ளை அழகாக வளர்ந்தான். உரிய காலத்தில் நடந்தான். ஆனால் அழைத்தால் திரும்புவதில்லை. ஆலய மண்டபத்திற்கு அழைத்து வந்தால், கூரையில் சுழலும் காற்றாடியையே அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். தீபாராதனை மணி ஒலித்தால் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுவான்.

பதினெட்டாம் மாதத்தில் கிளினிக்கில் தாதி அக்கேள்வித்தாளை நீட்டினார். அருகில் மாமியார் அமர்ந்திருந்தார். 'பிள்ளை விரலால் சுட்டிக் காட்டுகிறதா?' என்ற கேள்வி வந்தபோது தாயின் கை நடுங்கியது. இல்லை என்பதே உண்மை. ஆனால் அவர் ஆம் என்று குறித்தார். அடுத்த கேள்விக்கும் ஆம், அதற்கடுத்ததற்கும் ஆம். தாதி மகிழ்ச்சியோடு புத்தகத்தில் பதிந்து அனுப்பிவிட்டார். வீடு திரும்பும் வழியில் பாட்டி, "இவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயைத் தொறந்தான், நீ எதுக்குப் பயப்படுறே?" என்றார். அன்றிரவு அத்தாய் உறங்கவில்லை.

பின்னர் ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம் நேர்த்திக்கடனிலும் கண்ணேறு கழிப்பதிலும் சென்றது. தைப்பூசத்திற்குப் பால்குடம் எடுத்தனர். வசம்பு உரைத்து நாவில் தடவினர். நாவின் கீழுள்ள தசையை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று ஒருவர் கூறினார். பிள்ளைக்கு இரண்டரை வயதைக் கடந்த ஒரு நாள், இவனைவிட ஆறு மாதம் இளைய உறவினர் மகள், பறவையைக் காட்டி "அத்தை, அங்க பாரு" என்றாள். அத்தாய் அப்பிள்ளையின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலை மகனைத் தூக்கிக்கொண்டு தனியாகவே கிளினிக்கிற்குச் சென்று, "போன தடவை நான் எழுதியது உண்மை இல்லை" என்று தாதியிடம் கூறினார். தாதி கடிந்துகொள்ளவில்லை; நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

அச்சொல்லைக் கூறுவதற்கு அத்தாய்க்குத் தேவைப்பட்ட துணிவு, அலகு குத்திக் காவடி எடுப்பதற்குத் தேவைப்படும் துணிவுக்குச் சற்றும் குறைந்ததன்று. அவர் அன்றுதான் செந்தூருக்குப் புறப்பட்டார் எனலாம்.

பழி யார் மீது?

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று அறிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "யாரால் வந்தது?" என்பதாகும். பெரும்பாலும் விடை தாயை நோக்கியே விரலை நீட்டும். கருவுற்றிருந்தபோது கிரகணத்தில் வெளியே சென்றாள் என்பர். வேலைக்குப் போனாள் என்பர். மருமகளின் குடும்ப வினை என்பர்.

இப்பழி மேலைநாட்டிலும் இருந்தது. அமெரிக்காவில் பணிபுரிந்த லியோ கன்னர் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அன்பில்லாத தாயாலேயே பிள்ளை இவ்வாறு ஆகிறது என்னும் கருத்து அங்கே செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆட்டிசம் உடைய மகனைப் பெற்றவரும் உளவியல் அறிஞருமான பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி அக்கருத்தை மறுத்தார். 1977ஆம் ஆண்டில் பிரிட்டனில் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, பிறப்பிலேயே அமையும் மரபுக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பது புலனாயிற்று. வளர்ப்பு முறையால் ஆட்டிசம் வருவதில்லை என்பது இன்று ஐயத்திற்கு இடமற்ற உண்மை.

தடுப்பூசி மீதும் ஒரு பழி உண்டு. 1998ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர், தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என லான்செட் என்னும் இதழில் எழுதினார். அக்கட்டுரை 2010ஆம் ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. அவருடைய மருத்துவ உரிமமும் அவ்வாண்டிலேயே பறிக்கப்பட்டது. டென்மார்க் நாட்டில் 6 லட்சத்து 50 ஆயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து 2019ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, அத்தகைய தொடர்பு எதுவும் இல்லை எனக் காட்டியது. ஆகவே அச்சத்தால் தடுப்பூசியைத் தவிர்ப்பது பிள்ளையை வேறு ஆபத்துக்கு உள்ளாக்குவதாகும்.

முன்வினை என்று சொல்வோரும் உளர். வினைக் கொள்கை நம் சமயத்தின் ஆழ்ந்த தத்துவம். தன் வாழ்வைச் செம்மைப்படுத்திக்கொள்ள ஒருவன் தன்னை நோக்கிக் கூறிக்கொள்ள வேண்டியது அது. அடுத்த வீட்டுத் தாயின் நெஞ்சில் கல்லெறிவதற்கு அது கருவியாதல் முறையோ? ஆன்றோர் எண்ணிப் பார்ப்பாராக.

எங்குச் செல்வது?

முதற்படி அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை மறவாது எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் பிள்ளையின் இயல்பான நடத்தையைச் சிறு காணொளியாகப் பதிவு செய்துகொண்டு போவது நலம். புதிய இடத்தில் பிள்ளை வேறு விதமாக நடந்துகொள்ளக் கூடும். கிளினிக் மருத்துவர், தேவைக்கேற்ப அரசாங்க மருத்துவமனையின் குழந்தைநல மருத்துவருக்கும், செவித்திறன் சோதனைக்கும், பேச்சுப் பயிற்சி நிபுணருக்கும், ஆக்குபேஷனல் தெரப்பி எனப்படும் செயல்வழிப் பயிற்சி நிபுணருக்கும் பரிந்துரைக் கடிதம் தருவார். பரிசோதனை நாளுக்காகச் சில மாதங்கள் காத்திருக்க நேரிடலாம். மனம் தளராது அந்நாளைத் தவறவிடாதிருத்தல் வேண்டும்.

ஆட்டிசம் உறுதி செய்யப்பட்டால், மருத்துவரின் சான்றோடு சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டையைப் பெறலாம். 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் இவர்களின் உரிமைகளைப் பேசுகிறது. "அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும், நாளை தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்று அஞ்சிப் பதியாமல் விடுவோர் நம்மிடையே பலர். அட்டை பிள்ளையின் நெற்றியில் ஒட்டப்படுவதில்லை. பெற்றோரின் பைக்குள் இருக்கிறது. சிறப்புக் கல்வி, உதவித்தொகை, வருமான வரிக் கழிவு ஆகியவற்றுக்கு வழி திறப்பது அதுவே. இலாகாவின் கீழ் இயங்கும் பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் பல ஊர்களில் உள்ளன. நாசோம் எனப்படும் மலேசிய தேசிய ஆட்டிசம் சங்கமும் 1980களில் தோன்றித் தொண்டாற்றி வருகிறது.

பள்ளி வயது வந்ததும், ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்புகள் உள்ள பள்ளியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சில தமிழ்ப்பள்ளிகளிலும் இவ்வகுப்புகள் நடைபெறுகின்றன. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளைப் பள்ளிகள் புறக்கணிக்கக் கூடாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019ஆம் ஆண்டு முதல் கடைப்பிடித்து வருகிறது.

இல்லத்தில் செய்யத்தக்கவை

நிபுணரிடம் இருக்கும் நேரம் மாதத்தில் ஒன்றிரண்டு மணியே. எஞ்சிய நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. ஆகவே பெற்றோரே முதன்மை ஆசிரியர். பிள்ளையின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து அமர்ந்து பேசுங்கள். அது எதனைப் பார்க்கிறதோ அதன் பெயரை ஒன்றிரண்டு சொற்களில் கூறுங்கள். சொன்ன பின் சற்றுப் பொறுத்திருந்து, பிள்ளை ஏதேனும் ஓர் ஒலியோ பார்வையோ தருகிறதா எனக் காத்திருங்கள். "இது என்ன? இது என்ன நிறம்?" என்று ஓயாது தேர்வு நடத்தாதீர்கள். குளிப்பாட்டும்போதும், சோறூட்டும்போதும், மாலையில் விளக்கேற்றும்போதும் அதே சொற்களை அதே வரிசையில் கூறுங்கள். கைகொட்டும் பாட்டும் நிலாப் பாட்டும் மீண்டும் வரட்டும். படங்களையும் சைகைகளையும் பயன்படுத்தினால் பேச்சு வராது போய்விடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வாறு நிகழ்வதில்லை; கேட்டால் கிடைக்கும் என்பதைப் பிள்ளை உணர அவை துணையாகின்றன.

"பல மொழி குழப்பம், தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்ற அறிவுரையும் பரவியுள்ளது. இரு மொழி கேட்பதால் ஆட்டிசமோ பேச்சுத் தாமதமோ வருவதில்லை. பெற்றோர்க்கு இயல்பாக வரும் மொழியே பிள்ளைக்கு ஏற்ற மொழி. பாட்டிக்கும் பேரனுக்கும் இடையிலுள்ள ஒரே பாலத்தை நம் கையாலேயே தகர்த்துவிட வேண்டா.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். திரையால் ஆட்டிசம் உண்டாவதாகக் கூற முடியாது. எனினும் திரை பேசும். பிள்ளையின் விடைக்காகக் காத்திராது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வழிகாட்டியுள்ளது.

மருந்தில்லாக் குறையை மருந்தால் தீர்ப்பதாகக் கூறுவோரிடம் எச்சரிக்கை தேவை. ஆட்டிசத்தை அகற்றும் மாத்திரையோ, உணவோ, தைலமோ இல்லை. இரத்தத்திலுள்ள உலோகத்தை நீக்குவதாகச் சொல்லிச் செய்யும் முறைகள் உயிருக்கே ஆபத்தானவை. பேச்சு வரட்டும் என்று ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நாவில் தேன் தடவுவதும் கூடாது. கொடிய நச்சுக் கிருமி அதில் இருக்கக் கூடும். நேர்த்திக்கடனை நிறைவேற்றுங்கள், அது பெற்றோரின் நெஞ்சுக்கு வலிமை தரும். அவ்வலிமையோடு கிளினிக்கிற்கும் செல்லுங்கள்.

தாய்க்கும் தந்தைக்கும்

இப்பிள்ளையை வளர்க்கும் வீட்டில் தாய் தன் உறக்கத்தை இழக்கிறாள். தந்தை பல வேளைகளில் வேலையைச் சாக்காக்கி வெளியே தங்கிவிடுகிறார். அவர் நெஞ்சிலும் துயரம் உண்டு. அதனைச் சொல்ல அவருக்கு வழி தெரிவதில்லை. சிகிச்சை நாளில் ஒரு முறையேனும் தந்தை உடன் சென்று, நிபுணர் கூறுவதைத் தம் காதால் கேட்டல் வேண்டும். மற்றப் பிள்ளைகளையும் மறத்தல் ஆகாது. "அண்ணன் ஏன் பேசுவதில்லை?" என்று தங்கை கேட்டால், அவள் வயதுக்கேற்ற உண்மையைக் கூறுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரமேனும் பாட்டியோ அத்தையோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டு தாயை உறங்க விடுவார்களாயின், அதனினும் பெரிய அறம் இல்லை.

அக்கிள்ளான் குடும்பத்தில் மாற்றம் அவ்வாறுதான் தொடங்கியது. செவிச் சோதனையில் குறையில்லை எனத் தெரிந்தது. மூன்றரை வயதில் ஆட்டிசம் உறுதி செய்யப்பட்டது. முதலில் வெகுண்ட பாட்டி, ஒரு நாள் பேச்சுப் பயிற்சி அறைக்குள் உடன் சென்று அமர்ந்தார். அன்று முதல், பேரன் காட்டும் படத்தைப் பார்த்து உணவு கொடுக்கும் பழக்கத்தை அவ்வீட்டில் தவறாது கடைப்பிடித்தவர் அவரே.

ஆலயமும் அன்பர்களும்

இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் ஆலயத்திற்கு வருவதை நிறுத்திவிடுகின்றனர். நாதஸ்வரமும் மேளமும் மணியும் பிள்ளைக்குத் தாங்கவொண்ணாதன ஆகின்றன. பிள்ளை அலறுகிறது. சுற்றியுள்ளோர் திரும்பிப் பார்க்கின்றனர். "பிள்ளையை ஒழுங்காக வளர்க்கத் தெரியவில்லை" என ஒருவர் முணுமுணுக்கிறார். அக்குடும்பம் அடுத்த வாரம் வருவதில்லை. இறைவன் சந்நிதியில் இடமில்லை என்று அவர்களை அனுப்பியது யார்? இறைவன் அனுப்பவில்லை.

பொருட்செலவின்றிச் செய்யத்தக்கவை சில உண்டு. கூட்டமும் மேளமும் இல்லாத வேளையை இக்குடும்பங்களுக்கு அலுவலகத்தினர் தெரிவிக்கலாம். மண்டபத்தின் ஓரத்தில் அமைதியான மூலை ஒன்றை ஒதுக்கலாம். காதை மூடும் கருவி அணிந்து வரும் பிள்ளையைக் கண்டு நகையாதிருக்கலாம். நெற்றியில் தொடுவதைப் பொறுக்காத பிள்ளைக்கு அர்ச்சகர் திருநீற்றைத் தாயின் கையில் கொடுக்கலாம். அன்னதான வரிசையில் அவர்களை முன்னே விடலாம். சமய வகுப்பு ஆசிரியர், தேவாரத்தை வாயால் பாடாத பிள்ளையையும் வகுப்பில் அமர்த்திக்கொள்ளலாம். பாடாத பிள்ளை கேட்கவில்லை என்று யார் கூற இயலும்?

அன்பர்கள் செய்யத்தக்கது இன்னும் எளிது. கேளாத வைத்தியம் கூறற்க. வியப்போடு உற்று நோக்கற்க. "வாங்க, இங்க உட்காருங்க" என்று இடம் கொடுங்கள், போதும்.

நிறைவாக

அக்கிள்ளான் சிறுவனுக்கு இப்போது ஐந்து வயது. குமரகுருபரர் போல அவன் கலிவெண்பா பாடவில்லை. தண்ணீர் என்றும் போதும் என்றும் சில சொற்கள் கூறுகிறான். சில நாள்களில் அவையும் வருவதில்லை. அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை தொடங்குமுன் அமைதியாயிருந்த வேளையில் பெற்றோர் அவனை ஆலயத்திற்கு அழைத்து வந்தனர். பாட்டியும் உடன் வந்தார். வழக்கம் போல அவன் மண்டபத்தின் நடுவே நின்று கூரையில் சுழலும் காற்றாடியை அண்ணாந்து பார்த்தான். பின்னர் வலக்கையை உயர்த்தி, ஒரு விரலால் அதனைச் சுட்டினான். சுட்டிய விரலை இறக்காமலே திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தான்.

பதினெட்டாம் மாதத்தில் பொய்யாக 'ஆம்' என்று எழுதிய கேள்விக்கு அன்று உண்மையான விடை கிடைத்தது. மற்றவர்க்கு அது சிறு செயல். அத்தாய்க்கு அதுவே அம்புலிப் பருவம்.

ஓராண்டு முன்னரே சென்றிருந்தால் அந்நாள் முன்னதாக வந்திருக்குமோ என்று அத்தாய் இன்றும் தம்மைக் கேட்டுக்கொள்கிறார். அக்கேள்வி வேறொரு தாய்க்கு வாராதிருக்கட்டும். பிள்ளையைப் பற்றி ஐயம் உள்ளவர் யாரேனும் இங்கிருப்பின், திருவிழா முடியும் வரையும் காத்திருக்க வேண்டா. திங்கட்கிழமை காலையில் கிளினிக் திறந்திருக்கும். புறப்படுங்கள்.

எல்லாம் வல்ல முருகப் பெருமான், பேசும் பிள்ளைகளையும் பேசாப் பிள்ளைகளையும் ஒருங்கே காத்தருள்வானாக. அவர்களைச் சுமக்கும் பெற்றோர்க்கு உள்ளத் திண்மையும், சூழ்ந்துள்ளோர்க்கு நல்லறிவும் நல்குவானாக.